போஸ்ட்கிரெஸில் தரவை மாற்றும் குவெரிகளை மட்டும் லாக் செய்வது எப்படி?

ஒரு நாள் காலை, நான் கவனித்துவந்த கடை மென்பொருளில் எல்லாப் பொருளுக்கும் இருப்பு பூஜ்யம் காட்டியது. அதன் டேட்டாபேஸான போஸ்ட்கிரெஸின் லாகை, அதாவது ஓடிய கட்டளைகள் பதிவாகும் கோப்பைத் திறந்தேன். ‘அப்டேட் பொருட்கள் செட் இருப்பு = 0’ என்று ஒரு வரி. எந்தப் பொருளுக்கு என்று சொல்லும் ‘வேர்’ நிபந்தனையே அதில் இல்லை. அந்த ஒரு வரி கிடைத்திராவிட்டால் நாள் முழுக்கத் தேடியிருப்போம்.

எல்லாக் குவெரியையும் (டேட்டாபேஸுக்குப் போகும் கட்டளை) லாக் செய்யாதீர்கள். வெப் ஆப்பில் பெரும்பாலும் தரவைப் படிக்கும் ‘செலக்ட்’தான் ஓடும், வேண்டிய வரி அந்தக் கூட்டத்தில் தொலைந்துவிடும்.

முதலில் சூப்பர்யூசராக (முழு அதிகாரம் உள்ள யூசர்) டேட்டாபேஸுக்குள் போய் இதைக் கொடுங்கள் (டைப் செய்வது ஆங்கில எழுத்தில்):

ஆல்டர் ரோல் கடை_வெப் செட் லாக்_ஸ்டேட்மென்ட் = 'மாட்';

‘கடை_வெப்’ என்பது உங்கள் ஆப் டேட்டாபேஸுக்குள் நுழையும் யூசர். ‘மாட்’ என்றால் இன்சர்ட், அப்டேட், டிலீட், ட்ரன்கேட், கூடவே டேபிள் அமைப்பை மாற்றும் கட்டளைகளும் பதிவாகும். புதிய கனெக்‌ஷன்களுக்குத்தான் இது பொருந்தும் என்பதால் ஆப்பை ஒருமுறை ரீஸ்டார்ட் செய்யுங்கள்.

அடுத்தது, யார் செய்தது என்பது. டேட்டாபேஸுக்கு உங்கள் ஆப் ஒரே யூசர்தான். உள்ளே லாகின் செய்திருப்பவர் யாரென்று அதற்குத் தெரியாது. அதனால், சேர்ந்தே நிறைவேறும் கட்டளைத் தொகுப்பான ஒவ்வொரு ட்ரான்சாக்‌ஷனின் தொடக்கத்திலும் இதை ஓட்டுங்கள்:

செட் லோக்கல் அப்ளிகேஷன்_நேம் = 'யூசர்:42';

ட்ரான்சாக்‌ஷன் முடிந்ததும் அது தானாகவே பழையபடி ஆகிவிடும். ஒரே கனெக்‌ஷனைப் பலர் மாறி மாறிப் பயன்படுத்தும்போது ஒருவர் பெயர் இன்னொருவர் தலையில் விழாது. பெயருக்குப் பதில் எண்ணையே வையுங்கள்; இந்த இடத்தில் தமிழ் எழுத்து அப்படியே பதிவாகாது.

இந்தப் பெயர் லாகில் தெரிய, ஒவ்வொரு லாக் வரியின் தொடக்கத்திலும் என்ன வரும் என்று சொல்லும் லாக்_லைன்_பிரிஃபிக்ஸ் அமைப்பில் சதவீதக் குறியும் ஒட்டினாற்போல் ஆங்கிலச் சிற்றெழுத்து ‘ஏ’யும் சேர்த்து, கான்ஃபிகை ரீலோட் செய்யுங்கள். சர்வரை நிறுத்த வேண்டியதில்லை.

இப்போது சோதனைக்கு ஒரு பொருளின் விலையை மாற்றிப் பாருங்கள். குவெரிக்குக் கீழே அதற்குப் போன மதிப்புகளும் பதிவாகியிருக்கலாம். வாடிக்கையாளரின் போன் எண், முகவரி எல்லாம் அப்படியே கிடக்கும். இதை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். 13-ஆம் பதிப்பு முதல் லாக்_பாராமீட்டர்_மேக்ஸ்_லெங்த் என்பதை 0 ஆக்கினால் அந்த மதிப்புகள் பதிவாகாது. குவெரிக்குள்ளேயே ஒட்டி எழுதிய மதிப்புகளை மட்டும் இது மறைக்காது.

லாகில் வரி இருப்பதாலேயே மாற்றம் நிலைத்தது என்று முடிவுகட்டாதீர்கள். பிறகு ரோல்பேக் ஆகி, அதாவது மாற்றம் ரத்தாகியிருந்தாலும் அந்த வரி அங்கேயே இருக்கும். அதேபோல், ‘செலக்ட்’ வழியாக அழைத்த ஃபங்ஷன் உள்ளுக்குள் எதையாவது மாற்றினால் ‘மாட்’ அதைப் பிடிக்காது; அப்படிப்பட்ட டேபிள்களுக்கு ட்ரிகர் (டேபிள் மாறும்போது தானாக ஓடும் நிரல்) போடுங்கள்.