நிறை குறைபாட்டை 931.5-ஆல் பெருக்குங்கள், போதும்

அணுக்கருக் கணக்கில் நிறை குறைபாடு (துகள்கள் சேரும்போதோ சிதையும்போதோ குறையும் நிறை) அணு நிறை அலகில் இருந்தால், கிலோகிராமுக்கு மாற்றவே வேண்டாம். நேரே 931.5-ஆல் பெருக்குங்கள், ஆற்றல் மெகா எலக்ட்ரான் வோல்ட்டில் வந்துவிடும். ஒளிவேகத்தின் வர்க்கமும் ஜூலிலிருந்து எலக்ட்ரான் வோல்ட்டுக்கு மாற்றும் எண்ணும் அந்த 931.5-க்குள்ளேயே அடங்கியிருக்கின்றன. பத்தின் அடுக்குகளோடு மல்லுக்கட்ட வேண்டியதில்லை, அங்கேதான் பெரும்பாலும் தப்பு நடக்கும்.

ஹீலியம்-4ஐப் பாருங்கள். இரண்டு ஹைட்ரஜன் அணு, இரண்டு நியூட்ரான் சேர்ந்து 4.032980, ஹீலியம் அணு 4.002603. வித்தியாசம் 0.030377. பெருக்கினால் பிணைப்பு ஆற்றல், அதாவது அணுக்கருவைத் தனித்தனித் துகள்களாகப் பிரிக்கத் தேவையான ஆற்றல், 28.3 மெகா எலக்ட்ரான் வோல்ட்.

ஆனால் கழிப்பதற்கு முன் தசமங்களைத் தோராயமாகச் சுருக்கிவிடாதீர்கள். 1.01, 4.00 என்று வைத்துக்கொண்டால் விடை 37-க்கு மேல் போய்விடும்! அப்புறம், பாசிட்ரான் சிதைவில் (அணுக்கரு நேர்மின் கொண்ட எலக்ட்ரானை உமிழும் சிதைவு) அணு நிறைகளை வைத்துக் கணக்கிட்டால், கிடைக்கும் ஆற்றலிலிருந்து இரண்டு எலக்ட்ரான்களுக்கு உரிய 1.022 மெகா எலக்ட்ரான் வோல்ட்டையும் கழிக்க வேண்டும். நிறை கிராமில் தரப்பட்டிருந்தால் இந்த வழி வேண்டாம். ஒரு கிராமுக்கு சுமார் 9×10¹³ ஜூல் என்று நேரே எடுத்துக்கொள்ளலாம்.