துணை மின் நிலைய ஸ்விட்சுகளில் பிடிபி நேர ஒத்திசைவை அமைக்கும் முறை

மெர்ஜிங் யூனிட்டுகள் (அளவீடுகளை எண் வடிவ மாதிரிகளாக்கி வலையமைப்பில் அனுப்பும் கருவிகள்) அனுப்பும் மின்னோட்ட, மின்னழுத்த மாதிரிகளைப் பாதுகாப்பு ரிலே (பழுதைக் கண்டறியும் கருவி) சரியாக இணைத்துப் பார்க்க வேண்டுமானால், எல்லாக் கருவிகளின் கடிகாரங்களும் ஒரு மைக்ரோ விநாடிக்குள் ஒத்திருக்க வேண்டும். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் ஒரு மில்லி விநாடி பிசகினால் 18 டிகிரி கோணப் பிழை வந்துவிடும்; ஆகவே இங்கே கணினி வலையமைப்புகளில் வழக்கமான நேர ஒத்திசைவு முறையான என்டிபி போதாது, ஐஇஇஇ 1588 தரநிலை வகுத்த, அதைவிடத் துல்லியமான பிடிபி (பிரிசிஷன் டைம் புரோட்டோகால்) தேவைப்படுகிறது.

முதலில், பாதையிலுள்ள ஒவ்வொரு ஸ்விட்சும் வன்பொருளிலேயே நேரமுத்திரை இடக்கூடியதா என்று தயாரிப்பாளரின் ஆவணத்தில் பாருங்கள். பிடிபி அறியாத சாதாரண ஸ்விட்ச் ஒன்று நடுவில் இருந்தாலும், அண்டைக் கருவிகளுக்கிடையே தாமதத்தை அளக்கும் செய்திகள் அதைத் தாண்டிச் செல்லமாட்டா.

அடுத்து, ஐஇசி 61850-9-3 புரொஃபைலை (துணை மின் நிலையங்களுக்கான பிடிபி அமைப்புகளின் தொகுப்பை) தேர்ந்தெடுங்கள். அது லேயர் 2 போக்குவரத்தையும் (ஐபி இல்லாமல் நேரடியாக ஈதர்நெட்டில் அனுப்புவது), பியர்-டு-பியர் தாமத அளவீட்டையும் (அண்டைக் கருவிகள் தங்களுக்கிடையே அளப்பது), விநாடிக்கு ஒரு சின்க் (நேரம் அறிவிக்கும்) செய்தியையும் நிர்ணயிக்கிறது. ஸ்விட்ச் மெனுவில் அந்தப் பெயர் இல்லையென்றால் இம்மூன்றையும் தனித்தனியே கொடுக்கலாம். டொமைன் எண் (ஒன்றாக ஒத்திசையும் பிடிபி குழுவின் எண்) எல்லாக் கருவிகளிலும் ஒன்றாக இருக்கட்டும். ஸ்விட்சை டிரான்ஸ்பேரன்ட் கிளாக்காக வைப்பதையே நான் பரிந்துரைக்கிறேன்: செய்தி தனக்குள் தங்கிய நேரத்தை அது திருத்தப் புலத்தில் சேர்த்துவிடும், தரநிலைப்படி அதன் பிழை 50 நானோ விநாடியைத் தாண்டக்கூடாது, தானே நேரத்தைப் பெற்று மறுபடி வழங்கும் பவுண்டரி கிளாக்குக்கோ 200 வரை இடமுண்டு.

மிகுந்த கவனம் தேவைப்படும் இடம் பிரையாரிட்டி அமைப்பு. இரண்டு கிராண்ட்மாஸ்டர்கள் (வலையமைப்புக்கு நேரம் தரும் தலைமைக் கடிகாரங்கள்) இருக்கும்போது முதன்மையானதற்கு பிரையாரிட்டி 1 என்ற அமைப்பில் குறைந்த எண்ணைக் (குறைந்த எண்ணே வெல்லும்) கொடுப்பது பலருடைய வழக்கம், அது ஆபத்தானது. சிறந்த கடிகாரத்தைத் தேர்ந்தெடுக்கும் வழிமுறை பிரையாரிட்டி 1-ஐ ஒப்பிட்ட பிறகுதான் கிளாக் கிளாஸைப் (கடிகாரத்தின் தரத்தைக் காட்டும் எண்; சிறியதே சிறந்தது) பார்க்கிறது என்பதால், ஜிபிஎஸ் இழந்து கிளாஸ் 6-லிருந்து 7-க்கு இறங்கிய கிராண்ட்மாஸ்டரே, கிளாஸ் 6-இல் நல்ல நிலையில் உள்ள மற்றதைத் தோற்கடித்துத் தலைமையில் நீடிக்கும். ஆகவே இரண்டுக்கும் பிரையாரிட்டி 1 ஒரே மதிப்பாக இருக்கட்டும். முன்னுரிமையை, கிளாஸுக்குப் பிறகே ஒப்பிடப்படும் பிரையாரிட்டி 2-இல் காட்டுங்கள்.

ஃபைபர் இணையின் இரு இழைகளும் ஒரே நீளமாக இருக்க வேண்டும். ஒளி ஒரு மீட்டரைக் கடக்க ஏறத்தாழ 5 நானோ விநாடி ஆகும்; 20 மீட்டர் வேறுபாடு இருந்தால் 100 நானோ விநாடி வித்தியாசம் வரும், அதில் பாதியான 50 நானோ விநாடி பிழையாக நிலைத்துவிடும். தலைமைக் கடிகாரத்திலிருந்து உள்ள வேறுபாட்டைக் காட்டும் ஆஃப்செட் திரையில் இது தெரியாது. இரு முனைகளின் பிபிஎஸ் (விநாடிக்கு ஒன்று) துடிப்புகளையும் ஆசிலாஸ்கோப்பில் ஒப்பிட்டால்தான் புலப்படும்.

கருவிகளின் நேரம் சரியாக 37 விநாடி தள்ளியிருந்தால், யுடிசி ஆஃப்செட் அமைப்பைச் சரிபாருங்கள். பிடிபி சுமந்து செல்வது டிஏஐ (சர்வதேச அணு நேரம்) நேரத்தையே; அது யுடிசி (உலகப் பொது நேரம்) நேரத்தைவிட 37 விநாடி முன்னே உள்ளது.

நிலையத்தை இயக்கத்துக்கு விடுமுன் முதல் கிராண்ட்மாஸ்டரின் ஆன்டெனாவைக் கழற்றுங்கள். ஒவ்வொரு ரிலேயும் காட்டும் கிராண்ட்மாஸ்டர் அடையாளம் இரண்டாவதற்கு மாறுகிறதா, அந்த மாற்றத்தின்போது ஆஃப்செட் ஒரு மைக்ரோ விநாடிக்குள் நிற்கிறதா என்று பாருங்கள். பிறகு ஆன்டெனாவை மாட்டி, முதலாவது மீண்டும் தலைமையேற்பதையும் உறுதிசெய்துகொள்ளுங்கள்.