வயர்லெஸ் சார்ஜரில் வைத்த கைபேசியின் திரை நள்ளிரவில் ஒளிர்வது ஏன்? தவிர்க்க வேண்டிய தவறுகள்

கட்டிலருகே வயர்லெஸ் சார்ஜர் வைத்திருப்பவர்களில் பலருக்கு இந்தத் தொல்லை பழகியிருக்கும். படுக்கும்போது கைபேசியைச் சார்ஜிங் பேடின் மேல் வைக்கிறோம்; திரை ஒருமுறை ஒளிர்ந்து, சார்ஜ் ஏறுவதைக் காட்டிவிட்டு அணைகிறது. அதுவரை சரி. நள்ளிரவு தாண்டி இரண்டு மணிக்கு, யாரும் தொடாமல், எந்த அழைப்பும் வராமல், அதே திரை மறுபடி ஒளிர்ந்து சுவரெல்லாம் வெளிச்சம் பரவுகிறது. புரண்டு படுத்தால் சிறிது நேரத்தில் இன்னொரு முறை. என் அறையில் இது தொடங்கியபோது ஏறக்குறைய மூன்று வாரம் தவறான இடங்களிலேயே கைவைத்துக்கொண்டிருந்தேன். அவற்றையும், இதே தொல்லைக்கு நண்பர்கள் செய்துபார்த்தவற்றையும் வைத்தே இதை எழுதுகிறேன்.

கேபிளில் சார்ஜ் ஏற்றிய காலத்தில் இது இவ்வளவு உறுத்தாததற்கு எளிய காரணம் உண்டு. வெளிச்சம் பிடிக்காதவர்கள் கைபேசியைக் குப்புறக் கவிழ்த்துவிட்டுத் தூங்கினார்கள். வயர்லெஸ் சார்ஜரில் அதற்கு வழியில்லை. மின்சாரத்தை வாங்கும் கம்பிச்சுருள் கைபேசியின் முதுகுப்பக்கம் இருப்பதால், முகம் நம்மை நோக்கியே கிடக்க வேண்டியிருக்கிறது.

வயர்லெஸ் சார்ஜிங்குக்கு இன்று பரவலாகப் பயன்படும் தரநிலையை வகுத்தது, 2008-இல் தொடங்கப்பட்ட வயர்லெஸ் பவர் கன்சார்ட்டியம் என்ற கூட்டமைப்பு. அத்தரநிலையின் பெயர் Qi; அதைத் தமிழில் எழுதினால் ‘சீ’ என்று முகம் சுளிப்பது போல் ஆகிவிடும். சீன மொழியில் அதற்கு உயிராற்றல் என்று பொருள். பேடு, தன் மேல் ஏதேனும் இருக்கிறதா என்று அவ்வப்போது சிறு மின்துடிப்பை அனுப்பிப் பார்க்கிறது. கைபேசி பதில் சொன்னால், அதன் அடையாளத்தையும் தேவையையும் தெரிந்துகொண்டு மின்சாரத்தை அனுப்பத் தொடங்குகிறது. அதன் பிறகும் இருவருக்குமான பேச்சு ஓய்வதில்லை. மின்சாரத்தைக் கூட்ட வேண்டுமா, குறைக்க வேண்டுமா என்று கைபேசி நொடிக்குச் சில முறை செய்தி அனுப்பிக்கொண்டே இருக்க வேண்டும். ஏறத்தாழ ஒன்றரை நொடிக்குச் செய்தி வராவிட்டால் பேடு மின்சாரத்தை நிறுத்திவிடும். பிறகு மறுபடி துடிப்பு, மறுபடி அடையாளம், மறுபடி சார்ஜ். பேடுக்கு இது அறுந்த இணைப்பைச் சரிசெய்யும் வேலை. கைபேசிக்கோ யாரோ இப்போதுதான் தன்னைச் சார்ஜரில் வைத்தது போல. வைத்தவுடன் திரையை ஒளிரச் செய்ய வேண்டும் என்பதுதான் அதற்கு இடப்பட்ட கட்டளை.

ஆண்ட்ராய்டை எழுதியவர்களுக்கு இது தெரியாததன்று. அதன் திறந்த நிரலில் வயர்லெஸ் சார்ஜரைக் கண்டறிவதற்கென்றே ஒரு பகுதி இருக்கிறது. பேட்டரி நிறையும் தறுவாயிலும் சூடேறிய நிலையிலும் மின்வரத்து நின்றுபோகலாம் என்றும், அந்தப் பொய்யான இணைப்புகளுக்காக நள்ளிரவில் காரணமின்றி ஒலியெழுப்புவது பயனருக்கு இடைஞ்சல் என்றும் அந்நிரலின் குறிப்புரையே சொல்கிறது. மின்சாரம் திரும்பி வரும்போது, கைபேசி முன்பிருந்த அதே சாய்வில் அசையாமல் கிடக்கிறதா என்பதை ஈர்ப்பு உணரியால் பார்த்து, அப்படிக் கிடந்தால் புதிதாக வைத்ததாகக் கருதாமல் விட்டுவிடுவதே அதன் உத்தி. நல்ல ஏற்பாடுதான். ஆனால் தயாரிப்பாளர்கள் தத்தம் சார்ஜிங் அனிமேஷனை அதன் மேல் ஏற்றும்போது இந்த அடக்கம் எல்லாக் கைபேசிகளிலும் அப்படியே நிலைப்பதில்லை.

பெரும்பாலோர் செய்யும் முதல் தவறு, அறிவிப்புகளின் மேல் பழியைப் போடுவது. நானும் அதைத்தான் செய்தேன். வாட்ஸ்அப், மின்னஞ்சல், வங்கிச் செயலி என்று ஒவ்வொன்றாக வாயடைத்தேன். பிறகு ‘டூ நாட் டிஸ்டர்ப்’ போட்டேன். வெளிச்சம் நிற்கவில்லை. அந்த அமைப்பு முதன்மையாக ஒலியையும் அதிர்வையும் அடக்குவது. ஆண்ட்ராய்டில் மறைக்கப்பட்ட அறிவிப்புகள் திரையை எழுப்பக் கூடாது என்று அதற்குள்ளேயே தனியாகத் தேர்வு செய்ய வேண்டும். அப்படிச் செய்தாலும் அது அறிவிப்புகளைத்தான் கட்டுப்படுத்துமே தவிர, சார்ஜர் இணைந்தது என்ற நிகழ்வைத் தொடாது.

எதையும் அணைப்பதற்கு முன் இரண்டு இரவுகளைச் சோதனைக்கு ஒதுக்கினால் பாதி வேலை முடிந்துவிடும். முதல் இரவு கைபேசியை ஃபிளைட் மோடில் போட்டு, வழக்கம்போலப் பேடில் வையுங்கள். அப்போதும் திரை ஒளிர்ந்தால், வெளியிலிருந்து வரும் செய்திகள் காரணமல்ல. இரண்டாம் இரவு, ஃபிளைட் மோடிலேயே, அதே மேசையில் அதே இடத்தில் கேபிளில் சார்ஜ் ஏற்றுங்கள். இப்போது திரை அமைதியாக இருந்தால் குற்றவாளி பேடின் பக்கம்தான். பகலில் அரைமணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்து பேடின் சிறு விளக்கைக் கவனிப்பதும் உதவும்; சீராக இருக்க வேண்டிய விளக்கு அணைந்து அணைந்து மீண்டால் வேறு சாட்சி தேவையில்லை.

என் வீட்டில் அந்தச் சாட்சி கிடைத்ததும் வெட்கமாகத்தான் இருந்தது. பேடை அதன் பெட்டியிலிருந்து எடுத்தபோது உள்ளே அடாப்டர் இல்லை. மேசை இழுப்பறையில் கிடந்த ஒரு பழைய கைபேசியின் அடாப்டரைச் செருகியிருந்தேன். அதன் அடியில் பொடி எழுத்தில் 5 வோல்ட், 1 ஆம்பியர் என்று அச்சிட்டிருந்தது. அதாவது 5 வாட். பேடோ 15 வாட் வரை தரக்கூடியது. அதற்கு 9 வோல்ட் தரும் வேகச் சார்ஜிங் அடாப்டர் வேண்டும் என்று கையேட்டில் எழுதியிருக்கிறது, நான் படிக்கவில்லை. காற்று இடைவெளியைத் தாண்டுவதில் மின்சாரத்தின் ஒரு பகுதி வெப்பமாகவே வீணாகிறது என்பதால், அடாப்டரிடமிருந்து பேடு கேட்பது கைபேசிக்குப் போய்ச் சேர்வதைவிட எப்போதும் அதிகம். அடாப்டரால் ஈடுகொடுக்க முடியாதபோது மின்னழுத்தம் சரிந்து, பேடு அணைந்து, உடனே உயிர்பெறுகிறது. ஒவ்வொரு உயிர்ப்பும் கைபேசிக்கு ஒரு புது இணைப்பு. மடிக்கணினி, தொலைக்காட்சி ஆகியவற்றின் யூஎஸ்பி துளையில் பேடைச் செருகுவோருக்கும் நேர்வது இதுதான். நீளமான, மெலிந்த, மலிவான கேபிளும் இதே வேலையைச் செய்யும். தமிழ்நாட்டில் இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்: மின்வெட்டில் இன்வெர்ட்டர் மாறும் அந்தக் கணநேர இடைவெளியை எல்லா அடாப்டர்களும் தாங்குவதில்லை. மின்சாரம் போகும்போது ஒருமுறை, வரும்போது ஒருமுறை திரை ஒளிர்ந்தால் அதற்காகப் புதுப் பேடு வாங்க வேண்டியதில்லை.

அடுத்தது பேக் கவர். ஒளி ஊடுருவும் கவருக்குள் சாமி படம், ஐந்நூறு ரூபாய் நோட்டு, மெட்ரோ ரயில் அட்டை என்று ஒரு சிறு உண்டியலே வைத்திருப்பவர்கள் நம்மில் உண்டு. காகிதம் மின்சாரத்தைத் தடுக்காது, தடிமனைத்தான் கூட்டும். ஆனால் சிப் உள்ள அட்டைகள் பழுதாகக்கூடும். அவற்றைக் கைபேசிக்கும் சார்ஜருக்கும் இடையில் வைக்க வேண்டாம் என்று ஆப்பிள் நிறுவனமே எச்சரிக்கிறது. கார் பிடிப்பானுக்காக ஒட்டிய இரும்புத் தகடும், விரல் நுழைக்கும் உலோக வளையமும் அதைவிட மோசம். உலோகம் சூடேறும்; அந்நியப் பொருள் இருப்பதைக் கண்டுபிடித்துப் பேடு நிறுத்தும்; மறுபடி முயலும்; மறுபடி நிறுத்தும். கவரைக் கழற்றி ஓர் இரவு வைத்துப் பார்ப்பதற்குச் செலவு ஏதுமில்லை, ஆனாலும் இதைக் கடைசியில்தான் செய்கிறோம்.

கவர் சரியாக இருந்தாலும் கைபேசி நடுவில் இல்லையென்றால் பயனில்லை. இரண்டு சுருள்களும் ஒன்றின் மேல் ஒன்று பொருந்தியிருக்க வேண்டும். வைக்கும்போது ஓரளவு பொருந்திச் சார்ஜ் ஏறத் தொடங்கிய கைபேசி, அதிர்வில் இரண்டு மூன்று மில்லிமீட்டர் நழுவியதும் விளிம்பில் தத்தளிக்கத் தொடங்குகிறது. கண்ணாடி முதுகு கொண்ட கைபேசி வழவழப்பான பேடில் இப்படி நழுவுவதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன்: ஒவ்வொரு அழைப்பு அதிர்வுக்கும் மயிரிழை அளவு. இரவில் அதிர்வை அணைப்பது இங்கே உண்மையிலேயே பயன் தரும். 2023-இல் அறிவிக்கப்பட்ட இரண்டாம் தலைமுறைத் தரநிலை, காந்த வளையத்தால் சுருள்களைப் பொருத்தி வைப்பது இந்தச் சிக்கலைக் கருதித்தான். காந்தம் உள்ள கைபேசி இல்லாதவர்கள், பேடில் சரியான இடத்தைக் கண்டுபிடித்து மேசையில் ஒரு சிறு அடையாளம் இட்டுக்கொள்ளலாம். காரில் வைக்கும் சார்ஜரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். வேகத்தடைக்கு வேகத்தடை திரை ஒளிரும்.

வெப்பத்தைப் பலர் கணக்கில் எடுப்பதே இல்லை. ஐபோனைப் பயன்படுத்துவதற்கு ஆப்பிள் குறிப்பிடும் சுற்றுப்புற வெப்பநிலை 0 முதல் 35 டிகிரி செல்சியஸ் வரை. சென்னையிலோ வேலூரிலோ மே மாதத்தில் அந்த மேல்வரம்பை அறைகள் எளிதாகத் தொட்டுவிடும். அதன் மேல் மெத்தையிலோ தலையணையோரத்திலோ பேடை வைத்தால் வெப்பம் வெளியேற வழியில்லாமல், கைபேசி சார்ஜ் ஏற்றுவதை நிறுத்திக் குளிர்ந்து மீண்டும் தொடங்கும். மேசையின் மேல், காற்றுப் படும் இடத்தில் வைப்பதே சரி. சாம்சங் கைபேசிகளில் வேக வயர்லெஸ் சார்ஜிங்கை அணைக்க ஓர் அமைப்பு உண்டு. எட்டு மணி நேரம் தூங்கப்போகிறவருக்கு வேகம் எதற்கு? பேட்டரி நிறைந்த பின் அவ்வப்போது நிகழும் சிறு நிரப்பல்களும் சில கைபேசிகளில் இதே போலத் திரையை எழுப்புகின்றன.

சோதனையில் பேடு குற்றமற்றது என்று தெரிந்தால் மட்டுமே அமைப்புகளுக்குள் நுழைய வேண்டும். தாங்கியில் சாய்த்து வைத்த கைபேசி, மேசை அதிர்ந்தாலே தூக்கியதாக நினைத்துக்கொள்ளலாம். ஐபோனில் ‘ரெய்ஸ் டு வேக்’, சாம்சங்கில் ‘லிஃப்ட் டு வேக்’, பிக்சலில் ‘லிஃப்ட் டு செக் போன்’ என்ற பெயர்களில் இருப்பதை அணைத்துப் பாருங்கள். 2023-இல் ஐஓஎஸ் 17-உடன் வந்த ‘ஸ்டாண்ட்பை’, கைபேசி சார்ஜரில் படுக்கைவாட்டில் நிற்கும்போது கடிகாரத்தைக் காட்டும். இரவில் அசைவைக் கண்டால் விழிக்கும் ‘மோஷன் டு வேக்’ அதற்குள்ளேயே தனியாக இருக்கிறது. ஆண்ட்ராய்டில் நிரல் எழுதுவோருக்கென்று மறைத்து வைத்திருக்கும் டெவலப்பர் ஆப்ஷன்ஸை எப்போதோ எதற்கோ திறந்தவர்கள் ‘ஸ்டே அவேக்’ இயங்குகிறதா என்று பார்க்க வேண்டும். சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கும்போது திரை அணையவே கூடாது என்பது அதன் பொருள். ஒளிர்ந்து அணைவதாக இல்லாமல் விடிய விடிய ஒளிர்ந்துகொண்டே இருந்தால் பெரும்பாலும் இதுதான்.

இதற்கென்று தனிச் செயலி தேடிப் போவது மட்டும் வேண்டாம். அத்தகைய செயலிகள் அணுகல்தன்மை அனுமதியையோ சாதன நிர்வாகி உரிமையையோ கேட்கின்றன. முதலாவதைக் கொடுத்தால் திரையில் வரும் எல்லாவற்றையும் படிக்கும் வாய்ப்பைத் தந்தவர்களாகிறோம். இரண்டாவதன் மூலம் திரையைப் பூட்டும் செயலிகளால், அடுத்த முறை விரல்ரேகை வேலை செய்யாமல் கைபேசி பின் எண்ணைக் கேட்கும்.

பேடில் வைத்தவுடன் ஒருமுறை வரும் வெளிச்சத்தையும் சேர்த்து ஒழித்துவிடத் துடிப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். கேபிளைச் செருகினால் கை அதை உணரும். பேடில் வைத்தது பொருந்தியதா என்று தெரிந்துகொள்ள அந்த வெளிச்சத்தையும் சிறு ஒலியையும் விட்டால் வேறு எளிய வழியில்லை. அந்த மூன்று வாரத்தில் ஒரு கட்டத்தில் ஒலி, அதிர்வு, அனிமேஷன் என்று எல்லாவற்றையும் அணைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்கினேன். காலையில் அலாரத்தை நிறுத்த எடுத்தபோது பேட்டரி 9 சதவீதம் காட்டியது. கைபேசி பேடின் ஓரத்தில் வெறுமனே படுத்திருந்தது.