ரெஜிபோம் கட்டையை வெட்டி நிலப்பிளவைப் புரிந்துகொள்வோம்

நிலப்பிளவின் இருபக்கப் பாறையும் ஒன்றையொன்று உரசி நழுவுவதுதான் பிளவுப்பெயர்ச்சி. அதைப் படம் பார்த்து மனப்பாடம் செய்தால், எந்தப் பக்கம் ஏறியது, எது இறங்கியது என்று இரண்டே நாளில் குழம்பிவிடும். கையால் ஒருமுறை நழுவவிட்டுப் பார்த்தால் மறக்காது.

தேவையானவை: 30 செ.மீ நீளம், 8 செ.மீ உயரம், 6 செ.மீ அகலமுள்ள ரெஜிபோம் (தெர்மோகோல்) கட்டைகள் 3 (கொழும்பு புறக்கோட்டையில் பலகையாக வாங்கி வெட்டலாம்), பேப்பர் கட்டர், பாகைமானி, அடிமட்டம், போஸ்டர் வர்ணம், சாண்ட் பேப்பர் 2 தாள், ஒரு இறப்பர் பட்டி.

படி 1: பக்கவாட்டு முகங்களில் 2 செ.மீ இடைவெளியில் நான்கு பாறைப் படைகளைத் தீட்டுங்கள். மேல்முகத்தில் நீளவாக்கில் ஒரு வீதி வரையுங்கள். ஸ்பிரே பெயின்ட் வேண்டாம். அதிலுள்ள கரைப்பான் ரெஜிபோமை அரித்துவிடும்.

படி 2: முதற்கட்டையைக் கிடைமட்டத்திலிருந்து 60 பாகைச் சரிவிலும், அடுத்ததை 30 பாகையிலும், மூன்றாவதை நடுவில் குறுக்கே நேர்செங்குத்தாகவும் வெட்டுங்கள். இருபக்கமும் கோடு போட்டு, புது பிளேட்டால் பலமுறை இழுத்து வெட்ட வேண்டும். மொட்டை பிளேட் மணிகளைப் பிய்த்துவிடும். முகங்கள் ஒட்டி நிற்காது.

படி 3: பெரும்பாலானோர் தவறுவது இங்கேதான். சரிவாக வெட்டிய இரு துண்டுகளில் மேல்முகம் நீளமாகவும் அடி குட்டையாகவும் இருப்பது தொங்குசுவர். அதைத் தாங்கி நிற்பது அடிச்சுவர். பிளவுக்குள் சுரங்கம் தோண்டி நின்றால் தலைக்கு மேலே இருக்கும் பாறை தொங்குசுவர், காலடியில் இருப்பது அடிச்சுவர்.

படி 4: 60 பாகைக் கட்டையைப் புத்தக அடுக்கின் மேல் வைத்து, தொங்குசுவரின் கீழிருக்கும் புத்தகங்களை மட்டும் உருவுங்கள். சரிவு வழியே 4 செ.மீ இறங்கவிடுங்கள். நிலைக்குத்தாக ஏறத்தாழ 3.5 செ.மீ தாழும், கட்டையின் மொத்த நீளம் 2 செ.மீ கூடும். இதுதான் இயல்புப் பெயர்ச்சி. நிலம் இழுபடும் இடத்தில் வருவது. கிழக்கு ஆபிரிக்கப் பிளவுப் பள்ளத்தாக்கு இப்படி உருவாகிறது. துண்டுகளை விலக்கிவிட்டு இறக்காதீர்கள், நடுவே வாய் பிளந்து நிற்கும். முகங்கள் உரசியபடியே நழுவ வேண்டும்.

படி 5: அதே கட்டையைப் பழையபடி சேர்த்து, இருபுறமும் நெருக்குங்கள். தொங்குசுவர் ஏறும், நீளம் குறையும்: எதிர்ப் பெயர்ச்சி. இப்போது 30 பாகைக் கட்டை. இதே 4 செ.மீ நழுவலில் உயர்வது 2 செ.மீதான், சுருங்குவதோ ஏறத்தாழ 3.5 செ.மீ. இப்படிச் சரிவு தாழ்ந்ததை உந்துப் பெயர்ச்சி என்பார்கள். 2004 டிசம்பர் 26 அன்று சுமாத்திராவுக்கு அப்பால் சுமார் 1,300 கி.மீ நீளத்துக்கு விட்டுக்கொடுத்தது இந்த வகைதான். கடலடி மேலெழுந்து தண்ணீரைத் தூக்கியது. ஏறத்தாழ இரண்டு மணித்தியாலத்தில் அலை நம் இலங்கைக் கரைக்கு வந்தது.

படி 6: மூன்றாவது கட்டையை மேசையில் தட்டையாகவே வைத்து, ஒரு துண்டைப் பக்கவாட்டில் 3 செ.மீ தள்ளுங்கள். வீதி உடைந்து விலகும். ஒரு பக்கத்தில் நின்று எதிர்ப்பக்கத்தைப் பாருங்கள்: வீதி வலப்பக்கம் போயிருந்தால் வலப் பெயர்ச்சி. மறுபக்கம் போய் நின்று பார்த்தாலும் வலம்தான். நம்பாதவர்கள் மேசையைச் சுற்றி வாருங்கள். கட்டையின் உயரம் மாறவேயில்லை என்பதையும் கவனியுங்கள். 2012 ஏப்ரல் 11 அன்று சுமாத்திராவுக்கு மேற்கே 8.6 அளவில் அதிர்ந்தும் பெரிய சுனாமி எழாததற்கு முக்கிய காரணம் இதுவே: கடலடி பெரும்பாலும் பக்கவாட்டிலேயே நகர்ந்தது.

படி 7: பாறை ஏன் வழுக்கிக்கொண்டே இராமல் திடீரென்று குதிக்கிறது? ஒரு சாண்ட் பேப்பரை மேசையில் ஒட்டுங்கள். மற்றதைச் சவர்க்காரக் கட்டியின் அடியில் சுற்றி, இறப்பர் பட்டியால் மெதுவாக இழுங்கள். பட்டி நீளும், கட்டி அசையாது. பிறகு ஒரே தாவல். 1906 சான் பிரான்சிஸ்கோ நிலநடுக்கத்தில் வேலிகள் துண்டாகி விலகியதை ஆராய்ந்த ஹாரி ஃபீல்டிங் ரீட் விளக்கியது இதைத்தான்: பாறை வளைந்து சக்தியைச் சேமிக்கிறது, உராய்வு தோற்றதும் துள்ளி நிமிர்கிறது. கட்டி தாவாமல் சீராக ஊர்ந்தால் நீங்கள் வேகமாக இழுக்கிறீர்கள், அல்லது பட்டி தடிப்பானது. மெல்லிய பட்டியாக மாற்றி, கட்டியின் மேல் ஒரு சிறு கல்லை வைத்து மறுபடி இழுங்கள்.