பை போடுவதா, அன்டில் போடுவதா?

ஆங்கிலத்தில் கெடு தேதி எழுதும்போது ‘பை’யா ‘அன்டில்’லா என்று குழப்பமா? வாக்கியத்தைத் தமிழில் சொல்லிப் பாருங்கள். ‘க்குள்’ வந்தால் பை, ‘வரை’ வந்தால் அன்டில். ‘வெள்ளிக்கிழமைக்குள் அனுப்புகிறேன்’ என்றால் பை ஃப்ரைடே. ‘வெள்ளிக்கிழமை வரை ஊரில் இருப்பேன்’ என்றால் அன்டில் ஃப்ரைடே.

ஒரு தேதிக்குள் முடிந்துவிடும் வேலைக்கு பை, அதுவரை தொடர்ந்து நடப்பதற்கு அன்டில். இந்த வேறுபாடு தமிழில் நமக்குத் தானாகவே வருகிறது, அதனால் தனியாக விதி எதையும் மனப்பாடம் செய்ய வேண்டாம். அலுவலக மின்னஞ்சலில் இது ரொம்பவே உதவும்.

கால அளவு சொல்லும்போது மட்டும் பொருந்தாது: ‘2 நாளுக்குள்’ என்பதற்கு விதின் டூ டேஸ்தான் சரி. இடத்துக்கும் அப்படியே. ‘மதுரை வரை போகிறேன்’ என்பதற்கு அன்டில் வராது, ஆஸ் ஃபார் ஆஸ் மதுரை.