ஏர்பேக் உள்ள காரில் எப்படி உட்கார வேண்டும்?

தீபாவளிக்கு செந்தூலிலிருந்து பட்டர்வொர்த் கிளம்பினோம். அக்காதான் ஓட்டுவதாக இருந்தது. உயரம் குறைவு என்பதால் சீட்டை முழுக்க முன்னால் இழுத்து, நெஞ்சு ஸ்டீயரிங்கில் இடிக்கிற மாதிரி உட்கார்ந்திருந்தாள். "ஏர்பேக் இருக்குல்ல தம்பி, என்ன பயம்?" என்றாள். எனக்குப் பயமே அந்த ஏர்பேக்தான்.

அது தலையணை மாதிரி மெதுவாக ஊதாது. கார் மோதியதை சென்சார் உணர்ந்ததும் உள்ளே ரசாயனம் எரிந்து வாயு பீறிட்டு, நொடியில் நூற்றில் மூன்று நான்கு பங்குக்குள் பை வெடித்து விரியும். நாம் கண் சிமிட்டி முடிப்பதற்குள் எல்லாம் நடந்துவிடும். விரிந்து முடித்த பையில் நாம் போய் விழுந்தால் அது காப்பாற்றும், விரிந்துகொண்டிருக்கும்போதே பக்கத்தில் இருந்தால் அதுவே அடிக்கும். அதனால் இடைவெளிதான் முக்கியம்.

முதலில் ஓட்டுநர் சீட். ஓட்டுநரின் ஏர்பேக் மடிந்திருப்பது ஸ்டீயரிங்கின் நடுப்பகுதியில்தான், அதற்கும் நெஞ்செலும்புக்கும் இடையில் 25 செ.மீ. இருக்க வேண்டும், கையால் அளந்தால் ஒரு சாணும் மூன்று விரலும். பெடல் எட்டும் வரை சீட்டைப் பின்னால் தள்ளுங்கள், போதாவிட்டால் முதுகுப் பகுதியைக் கொஞ்சம் சாய்த்துக்கொள்ளுங்கள், சாய்த்ததில் சாலை தெரியவில்லையென்றால் சீட்டை உயர்த்துங்கள். ஸ்டீயரிங்கை இறக்க முடிந்தால், முகத்தைப் பார்க்காமல் நெஞ்சைப் பார்க்கும்படி வையுங்கள். கைகள் கடிகாரத்தில் 9, 3 இருக்கும் இடத்தில். மேலே 12-இல் பிடித்தால் பை விரியும்போது உங்கள் கையே முகத்தில் வந்து அறையும்.

அப்புறம் பெல்ட். பெல்ட் இல்லாமல் ஏர்பேக்கை நம்பவே கூடாது, பிரேக் அடித்த வேகத்திலேயே உடம்பு முன்னால் போய்ப் பைக்கு அருகில் நிற்கும். கீழ்ப் பட்டை வயிற்றில் அல்ல, இடுப்பெலும்பில் படிய வேண்டும். கர்ப்பிணிகளுக்கு வயிற்றுக்குக் கீழே. மேல் பட்டை தோளெலும்பின் மீது போகட்டும். பட்டுச்சேலை கசங்கும் என்று அதைக் கைக்கு அடியில் விடுபவர்களைக் கோயில் போகும் நாட்களில் நிறையப் பார்க்கிறேன், தயவுசெய்து வேண்டாம், விலா எலும்பு நொறுங்கும். பின்சீட்டிலும் பெல்ட் வேண்டும், இங்கே மலேசியாவில் 2009 ஜனவரி 1 முதல் அது சட்டம்.

முன்சீட் பயணிக்கு வருவோம். சீட்டை முடிந்தவரை பின்னால் தள்ளுங்கள். டேஷ்போர்டில் கால் நீட்டக் கூடாது. அங்கே ஒட்டி வைத்திருக்கும் பிள்ளையாரையும் பாருங்கள். பயணியின் ஏர்பேக் டேஷ்போர்டின் மூடியைப் பிய்த்துக்கொண்டுதான் வெளியே வரும், மேலே இருப்பது எதுவானாலும் முகத்தை நோக்கிப் பறக்கும். எங்கள் பிள்ளையாரைப் பூஜை அறைக்கு மாற்றிவிட்டோம், அம்மாவுக்கு முதலில் மனமில்லை, காரணம் சொன்னதும் அவரே எடுத்துக் கொடுத்தார்.

குழந்தையை மடியில் வைத்து முன்சீட்டில் உட்காரவே கூடாது. பின்னோக்கி வைக்கும் கைக்குழந்தை சீட்டை, ஏர்பேக் வேலை செய்யும் முன்சீட்டில் பொருத்தினால் பை நேராகக் குழந்தையின் தலைப்பக்கம்தான் அடிக்கும். குழந்தைகள் எல்லாருக்கும் பின்சீட்தான், வயதுக்கும் எடைக்கும் ஏற்ற குழந்தை சீட்டோடு. 2020 ஜனவரி 1 முதல் குழந்தை சீட்டும் கட்டாயம்.

சீட் கவர் மாட்டுமுன் சீட்டின் ஓரத்தில் ஏர்பேக் என்று சின்ன லேபிள் இருக்கிறதா பாருங்கள், இருந்தால் அந்தப் பக்கத்தை மூடும் கவர் வேண்டாம், பக்கவாட்டுப் பை வெளியே வர வழியிருக்காது.

கடைசியாக, காரை ஸ்டார்ட் செய்ததும் மீட்டரில் ஏர்பேக் விளக்கு சில நொடி எரிந்து அணைய வேண்டும். அணையாவிட்டால் வொர்க்‌ஷாப் போங்கள். 2000-களிலோ 2010-களின் தொடக்கத்திலோ வந்த பழைய கார் என்றால் தகாத்தா என்ற ஜப்பானிய நிறுவனத்தின் பழுதான ஏர்பேக்குகளைத் திரும்பப் பெறும் பட்டியலில் இருக்கிறதா என்றும் கேளுங்கள். அதற்குள் வாயு உண்டாக்க வைத்திருந்த அம்மோனியம் நைட்ரேட் என்ற ரசாயனம், நம் ஊர் மாதிரி வெப்பமும் ஈரமும் உள்ள இடத்தில் பல வருடம் கிடந்தால் கெட்டுப்போய், பை விரியும்போது உலோகத் துண்டுகளைச் சிதறடிக்கும், மலேசியாவிலும் அதனால் உயிர் போயிருக்கிறது. சேசிஸ் எண்ணைக் கொடுத்தால் அந்தக் கார் நிறுவனத்தின் சர்வீஸ் நிலையத்திலேயே பார்த்துச் சொல்வார்கள், பட்டியலில் இருந்தால் காசு வாங்காமல் மாற்றித் தருவார்கள்.