நினைச்சது நடக்காம போனா ஆண்டவர எப்பிடி நம்புறது

விசா வந்திட்டு எண்டு சூட்கேஸ் கட்டினாப் பிறகு போகேலாது எண்டு ஒரு போன் வரும், இல்லாட்டி ஏ.எல். சோதனைல இசட் ஸ்கோர் புள்ளி கொஞ்சத்தால கெம்பஸ் தவறிப் போகும், பெரும்போக வேளாண்மை வெட்டுற நேரம் பாத்து வயலுக்க வெள்ளம் ஏறும், பேசி முடிச்ச கலியாணம் நிண்டு போகும். மட்டக்களப்புல இதுல ஒண்டும் நடக்காத வீடு குறைவு. அப்பிடி நடந்தா என்ன செய்றது எண்டு எனக்குத் தெரிஞ்சத சொல்றன்.

மொதல் நாள் விளக்கம் தேட வேணாம். வாற ஆக்கள் எல்லாரும் "எல்லாம் நன்மைக்குத்தான்"ங்குவாங்க. ரோமர் 8:28 உண்மை, நான் முழுசா நம்புறன், ஆனா அழுதுகொண்டு இருக்கிற புள்ளைக்கு அத உடன சொன்னா அது அழுறதயும் நிப்பாட்டிப் போடும், ஜெபத்தையும் நிப்பாட்டிப் போடும். அதுக்குப் பதிலா சங்கீதம் 13 எடுத்து சத்தமா வாசிங்க. ஆறே வசனம்தான், மொதல் ரெண்டு வசனத்துலயே "எதுவரைக்கும்" எண்டு நாலு தரம் தாவீது கேக்கிறார். கோவத்தையும் ஆண்டவருக்கிட்டயே சொல்லலாம் எண்டு வேதமே இடம் தருது, அப்பிடி சொல்றதுதான் அவர் பக்கத்துல இருக்கிறார் எண்டு நம்புறது, இல்லாத ஆளோட ஒருத்தரும் சண்டை பிடிக்கிறல்லயே.

மறுகா, எரேமியா 29. உங்களுக்கு நல்லதத்தான் நினைச்சிருக்கிறன் எண்டு கர்த்தர் சொல்ற 11ஆம் வசனத்த எல்லாரும் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ்ல போடுறாங்க, ஆனா அது பாபிலோனுக்குப் பிடிச்சுக்கொண்டு போன சனத்துக்கு எழுதின கடிதம், 10ஆம் வசனத்துல 70 வருசம் எண்டு இருக்கு, 5ஆம் வசனத்துல வீடு கட்டி இருங்க, தோட்டம் வெச்சு அதின்ட பலனச் சாப்பிடுங்க எண்டு இருக்கு. அந்த சனம் கெதியா ஊருக்குத் திரும்பத்தான் ஆசப்பட்டிச்சு. அதால இஞ்ச செய்யக்கூடிய ஒரு வேலய நாளைக்கே தொடங்குங்க. கட்டார் போக இருந்த பொடியன் எண்டா தெரிஞ்ச வயரிங் வேலைக்கே போகட்டும், கெம்பஸ் கிடைக்காத புள்ள டெக்னிக்கல் கொலிஜ்ல என்ன கோர்ஸ் இருக்கெண்டு போய்க் கேக்கட்டும். ஆனா அந்த வாரத்துல காணி விக்கிறது, நகைய அடகு வெச்சு வேற ஏஜென்சிக்குக் காசு கட்டுறது, இதெல்லாம் வேணவே வேணாம், மனசு கலங்கி இருக்கக்குள்ள எடுக்கிற முடிவு அடுத்த வருசமும் வலிக்கும்.

எனக்கு இதுல பெரிய துணை புளியந்தீவு மெதடிஸ்த மத்திய கல்லூரிட கதை. 1814ல மிஷனரிமார் கப்பல்ல வரக்குள்ள அவங்கட தலைவர் தோமஸ் கோக் மே 3ஆம் திகதி நடுக்கடல்லயே இறந்திட்டார், திட்டம் எல்லாம் அவர நம்பித்தான் இருந்தது. அதே பயணத்துல வந்த மிஷனரி வில்லியம் ஓல்ட்ட மனுசியும் இறந்து போனா. அந்த மனுசன் அதோட திரும்பிப் போகாம தனியா மட்டக்களப்புக்கு வந்து பள்ளிக்கூடத்தத் தொடங்கினார், 1815ல அவரும் இஞ்சயே இறந்திட்டார். என்ன விளைஞ்சதெண்டு அவர் கண்ணால காணல்ல. நான் இத ஆறுதலுக்குச் சொல்லல்ல, அவருக்கு எல்லாம் நல்லா முடிஞ்சதெண்டு சொல்லவும் ஏலாது. ஆண்டவர் கூட இருக்கிறாரா எண்டத முடிவ வெச்சு அளக்காதீங்க எண்டுதான் சொல்றன்.

ராவைக்குப் படுக்க முதல் ஒரு கொப்பில அண்டைக்கு ஆர் வந்தது, ஆர் சோறு கொண்டு தந்தது, ஆர் சும்மா போன் எடுத்தது எண்டு எழுதி வைங்க. யாக்கோபுக்கும் பெத்தேல்ல படுத்து முழிச்சாப் பிறகுதான் கர்த்தர் அங்க இருந்தது தெரிஞ்சது, நமக்கும் பின்னுக்கு வாசிக்கக்குள்ளதான் விளங்கும்.

கன நாளா நித்திரை இல்ல, சாப்பாடு இறங்குதில்ல, வாழ்ந்து என்ன எண்டு யோசனை வருது எண்டா தனிய ஜெபிச்சுக்கொண்டு இருக்க வேணாம். போதகருக்குச் சொல்லுங்க, போதனா வைத்தியசாலையில மனநலப் பிரிவு இருக்கு போங்க, ராவெண்டா மனநல உதவி போன் 1926க்கு எடுங்க, தமிழ்லயே கதைக்கலாம்.